அச்சிட்ட வாழ்த்து

வாழ்த்து அட்டைக்கு வரி எழுதுவது எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. நான்கு சொற்கள், நடுவில் ஒரு பூ, ஓரத்தில் ஒரு பொன்கோடு, அவ்வளவுதானே என்பர். அந்த நான்கு சொற்களை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? அவர் விட்டுவைத்த இடத்தில், வாங்கியவர் தம் சொல்லாக எதை எழுத முடிந்தது? இப்படிக் கேட்டுப் பார்த்தால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று விரியும். மன்னர் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் நிறைந்த பாடநூலில் அந்த வரலாற்றுக்கு இடம் தரப்படவில்லை. ஆயினும், எளிய மக்கள் தம் அன்பை எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்பது வரலாறு அன்றென்றால், வேறெதுதான் வரலாறு?

தொடக்கத்தில் அட்டை இல்லை. வரி மட்டுமே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், பிப்ரவரி 14ஆம் நாள் காதலர்க்கு மடல் எழுதும் வழக்கம் பரவியிருந்தது. அன்பு எல்லார் நெஞ்சிலும் ஊறும். எழுத்து எல்லார் கையிலும் ஓடுவதில்லை. இந்த நிலையைக் கண்ட பதிப்பாளர்கள், ஆயத்தப் பாக்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டு விற்றார்கள். 1797இல் வெளியான 'இளைஞனின் வாலண்டைன் எழுத்தாளன்' என்னும் நூல் அவற்றுள் பெயர் பெற்றது. இன்ன தொழில் செய்பவன் தன் காதலிக்கு எழுத இன்ன பா, அவள் இசைந்தால் விடை எழுத இன்ன பா, மறுத்தால் இன்ன பா என்று வகை பிரித்துத் தந்த நூல்களும் வந்தன. வாங்கியவன் தனக்கேற்ற பாவைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே படியெடுத்து அனுப்புவான். சொல் கடன் வாங்கியது, கையெழுத்தோ அவனுடையது.

கடன் வாங்கிய கவிதையில் காதலா என்று நகைப்பது எளிது. பள்ளியின் படியை மிதிக்கும் வாய்ப்பே கிட்டாத ஒருவன், தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டி, ஒரு பாவைப் பார்த்துப் பார்த்து எழுதும் காட்சியை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அவனுக்குச் சொற்கள் இல்லையென்றால் அது அவன் குற்றமா? சொற்களைச் சிலர் மட்டுமே சேர்த்து வைத்துக்கொண்ட சமுதாயத்தின் குற்றமன்றோ? அந்த ஆயத்தப் பா, நடக்கத் தொடங்குபவன் பற்றிக்கொண்ட கைத்தடி. கைத்தடியைப் பழிப்பவன், முதலில் தன் கால்களுக்கு வலிமை தந்தது எது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா? எழுதியது போய்ச் சேர வேண்டாமா? 1840க்கு முன் பிரிட்டனில் அஞ்சல் கட்டணம் தொலைவுக்கேற்ப ஏறும்; தாள்களின் எண்ணிக்கைக்கேற்பவும் ஏறும். உறை போட்டால் உறையும் ஒரு தாளாகக் கணக்காகும். பெரும்பாலும் மடலைப் பெறுபவரே பணம் கட்ட வேண்டும். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் போவதற்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும். ஏழைகள் ஒரு வழி கண்டார்கள். மடலின் மேற்புறத்தில் முன்பே பேசி வைத்த குறி ஒன்றை இடுவார்கள். வாங்க வேண்டியவர் அந்தக் குறியைப் பார்த்து, மகன் நலமாயிருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, பணமில்லை என்று மடலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏழைத் தாய்க்கு மகனின் நலம் ஒரு கீறலாக வந்து சேர்ந்த காலம் அது. அதே காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரபுக்களுக்கும் ஒரு சலுகை இருந்தது. தங்கள் பெயரை மேலே எழுதிவிட்டால், நாளுக்கு இத்தனை என்ற வரம்புக்குள், அவர்கள் மடல் காசில்லாமல் போகும். காசு உள்ளவனுக்கு இலவசம், இல்லாதவனுக்குக் கட்டணம்!

இந்த முறைகேட்டை உடைத்தவர் ரோலண்டு ஹில். தந்தை நடத்திய பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். 1837இல் அஞ்சல் துறைச் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மடலைத் தூக்கிச் செல்வதற்கு ஆகும் செலவு சிறிதே. தொலைவை அளந்து, தாளை எண்ணி, வீடு வீடாகப் பணம் திரட்டுவதற்கு ஆகும் செலவே பெரிது என்று கணக்கிட்டுக் காட்டினார். தொலைவு எதுவானாலும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புபவரே முன்னதாகச் செலுத்துவது என்பது அவர் திட்டம். எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1840 ஜனவரி 10ஆம் நாள், அரை அவுன்சு வரையிலான மடலுக்கு நாடு முழுவதும் ஒரு பென்னி என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. மே மாதத்தில் உலகின் முதல் அஞ்சல் தலை வந்தது. பிரபுக்களின் இலவசச் சலுகையும் ஒழிந்தது. அந்த ஓராண்டிலேயே மடல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. மக்களுக்கு எழுத ஆசையில்லாமலா அதுவரை எழுதாமல் இருந்தார்கள்? வாயில் பூட்டப்பட்டிருந்தது, அது திறந்ததும் வந்தார்கள்.

ஹில்லின் திட்டத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர். கட்டணம் குறைந்ததும் அவருக்கு வேறொரு தொல்லை வந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் மடல்கள் குவியும். எல்லார்க்கும் விடை எழுத நேரமில்லை. 1843இல் தம் நண்பரான ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஓர் அட்டை வரையச் செய்தார். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி. ஒருபுறம் பசித்தவர்க்கு உணவிடும் காட்சி. மறுபுறம் ஆடையற்றவர்க்கு ஆடை தரும் காட்சி. கீழே, இனிய கிறிஸ்துமசும் மகிழ்ச்சியான புத்தாண்டும் உங்களுக்கு ஆகுக என்னும் பொருளில் ஒரே வரி. விலைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை இதுவே என்பர். ஆயிரம் படிகள் அச்சாயின. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். ஒட்ட வேண்டிய தலைக்கு ஒரு பென்னி, அட்டைக்குப் பன்னிரண்டு பென்னி! ஏழைக்கு அது எட்டாத கனி. படத்தில் குழந்தையின் வாயிலும் மதுக் கிண்ணத்தை வைத்தது தகுமா என்று மதுவிலக்கு இயக்கத்தார் கண்டித்ததும் உண்டு.

அந்த அட்டையில் நான் போற்றுவது படத்தையும் அன்று, வரியையும் அன்று. மேலே ஒரு வெற்றிடம், யாருக்கு என்று எழுத. கீழே ஒரு வெற்றிடம், யாரிடமிருந்து என்று எழுத. அச்சுப்பொறி பேசி முடித்த பிறகு மனிதனுக்காக ஒதுக்கிய இரண்டு சிறிய இடங்கள் அவை. அந்த இடங்கள் விரிந்தனவா சுருங்கினவா என்று பார்த்தாலே அட்டையின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

விரித்துக் காட்டியவர் ஒரு பெண். அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், தாளும் எழுதுபொருளும் விற்கும் கடைக்காரரின் மகள் எஸ்தர் ஹவ்லண்டு. பெண் கல்வி அரிதாக இருந்த அக்காலத்தில், மவுண்ட் ஹோலியோக் கல்விக்கூடத்தில் 1847இல் படித்து முடித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த வாலண்டைன் அட்டை ஒன்றைப் பார்த்து, இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று எண்ணினார். அவர் செய்து கொடுத்த மாதிரிகளை எடுத்துச் சென்ற சகோதரர் 200 டாலர் மதிப்புக்கு ஆணை கிடைத்தால் போதும் என்று எதிர்பார்க்கப்பட்டதாகவும், 5,000 டாலருக்கு மேல் கொண்டுவந்ததாகவும் சொல்வர். ஹவ்லண்டு அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, ஒருவர் பின்னல்தாளை அடுக்க, வேலையைப் பகுத்துக் கொடுத்துக் கூலி தந்தார். பெண் தன் கையால் ஈட்டிய காசைத் தன் கையிலேயே வாங்கிய இடங்கள் அன்று எத்தனை இருந்தன?

வரியைப் பொறுத்தவரை ஹவ்லண்டு செய்தது மேலும் சிறப்பு. 1879இல் அவர் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட பாக்களைக் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அட்டையின் அழகு பிடிக்கிறது, உள்ளே உள்ள பா பிடிக்கவில்லை என்றால், தொகுப்பிலிருந்து வேறொரு பாவைத் தேர்ந்தெடுத்து, பழைய பாவின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சிறிய செய்திதான். ஆனாலும் எண்ணிப் பாருங்கள்! நீ விற்பதை நான் வாங்குகிறேன், நான் சொல்ல விரும்புவதை நானே முடிவு செய்கிறேன் என்னும் உரிமை அந்தத் துண்டுத் தாளில் இருந்தது.

ஆயத்த வரிக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கொடிய முகம். 1840களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மலிவான கேலி அட்டைகள் விற்பனைக்கு வந்தன. பின்னாளில் அவற்றுக்குக் 'காடி வாலண்டைன்' என்று பெயர் வழங்கியது. நாக்கைச் சுடும் காடி போன்ற சொற்கள். கோரமாக வரைந்த முகங்கள். மணமாகாத பெண்ணைப் பழித்தன. உழைப்பாளியின் தொழிலை இழித்தன. வாக்குரிமை கேட்ட பெண்ணை அவள் அழகின்மையைச் சொல்லி நகைத்தன. அனுப்பியவன் பெயர் எழுதுவதில்லை. கவனியுங்கள்: வாழ்த்து அட்டையில் வெற்றிடம் கையொப்பத்துக்காக இருந்தது, வசை அட்டையில் அந்த இடம் கோழைத்தனத்துக்காக இருந்தது. அச்சிட்ட சொல் நல்லதோ கெட்டதோ, அதன்கீழ்ப் பெயரெழுதத் துணிகிறவனே அதற்குப் பொறுப்பாளி. கேலி வரிகளை ஆயத்தமாகப் பெற்று, அடுத்தவர்க்கு அனுப்பிவிட்டு, நானா எழுதினேன் என்று நழுவும் வழக்கம் இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்திருக்கிறது. அதன் பாட்டன் பிறந்த ஊர் இதுதான்.

அடுத்து வந்தது பெருவணிகம். 1848 புரட்சியில் பங்குகொண்டு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லூயி பிராங், பாஸ்டன் நகரில் வண்ணக் கல்லச்சில் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சிட்டார். 1874இல் அமெரிக்கச் சந்தையில் அவை விற்பனையாயின. 1880இல் அட்டை ஓவியத்துக்குப் போட்டி வைத்து, முதற்பரிசு 1,000 டாலர் தந்தார். அவர் காலத்தில் ஓவியம் ஓங்கி நின்றது. சொல் ஓரத்தில் நின்றது. 1910இல் ஜாய்ஸ் ஹால் என்னும் 18 வயது இளைஞர், காலணிப் பெட்டிகளில் அஞ்சல் அட்டைகளை நிரப்பிக்கொண்டு கான்சஸ் நகருக்கு வந்து விற்றார். பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற நிறுவனம் அவருடையது. மடித்த அட்டையும் உறையும் அவர் கடையில் இடம் பிடித்தபின் சொல் மீண்டும் ஏற்றம் பெற்றது. அந்தத் தொழிலில் அட்டையின் வரிக்கே 'சென்டிமென்ட்', அதாவது உணர்ச்சி, என்று பெயர். சம்பளத்துக்கு அமர்ந்த எழுத்தாளர்கள் காலை முதல் மாலை வரை உணர்ச்சி தயாரித்தார்கள். அவர்கள் பெயர் அட்டையில் வருவதில்லை.

ஒரு வரியை இலட்சம் பேருக்கு விற்க வேண்டும் என்றால், அது இலட்சம் பேருக்கும் பொருந்த வேண்டும். எனவே பெயர் போயிற்று, ஊர் போயிற்று, நடந்த நிகழ்ச்சி போயிற்று. எஞ்சியது எவரும் மறுக்க முடியாத வரி; எவர் நினைவிலும் நில்லாத வரி. திறமையான எழுத்தாளர்கள் அந்தக் கட்டுக்குள்ளும் நல்ல வரிகளைத் தந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது: 'நான்' குறைவு, 'நீ' மிகுதி, நீண்ட சொல்லைவிடக் குறுகிய சொல், வாய்விட்டுப் படித்தால் பேசுவது போன்ற ஓட்டம். கவர்ச்சியான வாழ்த்து வரி எதையும் ஆராய்ந்து பாருங்கள். அலங்காரத்தால் அது கவரவில்லை, பேச்சின் இயல்பால் கவர்கிறது என்பது புலப்படும்.

வெற்றிடம் அடியோடு மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களுக்குக் களச் சேவை அஞ்சல் அட்டை என்று ஒன்று கொடுக்கப்பட்டது. வாழ்த்து அட்டை அன்று; ஆயினும் ஆயத்த வரிகளால் ஆன அட்டை. நான் நலமாயிருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், தேறி வருகிறேன், உன் மடல் கிடைத்தது, உன்னிடமிருந்து நெடுநாளாக மடல் இல்லை, இப்படிச் சில வரிகள். வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, நாளும் கையொப்பமும் மட்டும் இட வேண்டும். வேறு ஏதேனும் ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. பதுங்கு குழியின் சேற்றில், பக்கத்தில் இருந்த தோழன் மாண்டு கிடக்க, நான் நலமில்லை, அஞ்சுகிறேன் என்று சொல்ல ஒரு வரி தேடுகிறான் வீரன். அட்டையில் அந்த வரி இல்லை. அவனைக் கொண்டு சென்ற அரசு, அவன் அச்சத்துக்கு ஒரு வரியும் அச்சிடவில்லை! வீட்டிலிருந்த தாய்மார்கள் அச்சிட்ட சொற்களைவிட, அவற்றின்மேல் இழுத்த கோட்டைத்தான் உற்றுப் பார்த்திருப்பார்கள். கோடு நேராக இருந்ததா, கை நடுங்கியிருந்ததா? மகன் எழுதியது அந்தக் கோடு ஒன்றுதானே!

நம் நாட்டுக்கு வருவோம். 1879இல் கால் அணா அஞ்சல் அட்டை இந்தியாவில் வந்தபோது, எளியவர் கைக்கும் மடல் எட்டியது. மணவிழாவுக்கும் பண்டிகைக்கும் தந்தி அடிக்க விரும்பியவர்க்கு அஞ்சல் தந்தித் துறை எண்ணிட்ட வாழ்த்து வரிகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. சொல்லுக்குச் சொல் காசு கேட்கும் தந்தியில், வரியின் எண்ணைச் சொன்னால் செலவு குறையும். பெறுபவர் கையில் முழு வரியும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் மணமக்களுக்கு இருவகை வரிகள் இருந்தன. நீண்ட இனிய இல்வாழ்க்கை அமைக என்பது ஒன்று. விண்ணுலகின் சிறந்த அருள் மணமக்கள்மேல் பொழிக என்பது மற்றொன்று. மனிதன் மனிதனை வாழ்த்துவது ஒன்று. வானத்தை நோக்கிக் கைகாட்டிவிட்டு விலகிக்கொள்வது மற்றொன்று. பகுத்தறிவாளன் எந்த எண்ணைக் கேட்டிருப்பான் என்பதை விளக்கத் தேவையில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது. பட்டியலும் அதனோடு போயிற்று.

புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துக்கு வேறொரு மதிப்பு இருந்தது. 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அத்தகைய மணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைப்பதற்கு முன்பே, மந்திரம் இருந்த இடத்தில் வாழ்த்துரை வந்து அமர்ந்தது. நண்பர்கள் எழுதி அச்சிட்டுப் படித்தளித்த வாழ்த்து மடல்கள் அங்கே வழங்கின. புரியாத மொழியில் ஒருவர் முணுமுணுக்க மற்றவர் தலையாட்டிய நிலை போய், புரிந்த மொழியில் தோழன் தோழனை வாழ்த்தினான். மணமக்களின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. அடுக்குமொழி சில நேரம் அளவு கடந்திருக்கலாம். ஆனால் அந்த மடல் அந்த இருவருக்காகவே எழுதப்பட்டது.

அதைப்போலவே பொங்கல் வாழ்த்து அட்டையும் மக்கள் உடைமையாயிற்று. தை பிறக்குமுன் நடைபாதைக் கடைகளில் அட்டைகள் தோரணமாகத் தொங்கிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். சிவகாசி அச்சகங்களில் பிறந்த பானையும் கரும்பும், ஏரும் எருதும், தலைவர்களும் திரைக் கலைஞர்களும் சிற்றூர்த் திண்ணை வரை சென்றார்கள். உள்ளே ஒரு வாழ்த்து, அதன்கீழ் 'அன்புடன்' என்ற சொல், அதன்கீழ்ப் புள்ளிக்கோடு. 1843இல் கோலின் அட்டையில் இருந்த அதே வெற்றிடம், தமிழ் எழுத்தில் நம் வீட்டுக்கு வந்தது. கைப்பேசி பரவிய பின் அந்தத் தோரணங்கள் மறைந்தன. இன்று பொங்கலன்று நூறு படங்கள் வந்து குவிகின்றன. அவற்றில் புள்ளிக்கோடு இல்லை. வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறோம். யாருக்கு என்றும் எழுதுவதில்லை, யாரிடமிருந்து என்றும் எழுதுவதில்லை.

என் வகுப்பு மாணவர்களிடம் ஒருமுறை வாழ்த்து வரி எழுதச் சொன்னேன். கரும்பாய் இனிக்கட்டும், கதிராய் ஒளிரட்டும் என்று எல்லார் தாளிலும் ஒரே விளைச்சல். பிறகு, ஒரே ஒருவரை மனத்தில் நிறுத்தி அவருக்கு மட்டும் எழுதுங்கள் என்றேன். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன நண்பனுக்கு ஒரு மாணவன் எழுதினான்: "உன் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. பொங்கலுக்கு வா." உவமை இல்லை, எதுகை இல்லை. எந்த நிறுவனமும் அதை அச்சிட்டு விற்க முடியாது. ஏனெனில் அது ஒருவனுக்கே பொருந்தும். வாழ்த்து வரி எழுதும் கலையை இதற்கு மேல் நான் கற்பிக்க ஏதுமில்லை.

ஆயத்த வரிகளை எரித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவை சொல்லற்றவர்க்குச் சொல் தந்தன, இன்னும் தரும். அச்சிட்டவன் பேசி முடித்த இடத்தில் நாம் வாயடைத்து நிற்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். அட்டை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கைப்பேசியிலேயே அனுப்புங்கள். ஆனால் அச்சு வரியின்கீழ் உங்கள் வரி ஒன்று இருக்கட்டும். அதில் பெறுபவரின் பெயர் இருக்கட்டும். அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு செய்தி இருக்கட்டும். உங்கள் தெருவில் எழுதத் தெரியாத முதியவர் எவரேனும் இருந்தால், அவர் அருகில் அமருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். முடிவில் அவர் பெயரை அவர் கையாலேயே எழுதக் கற்றுக்கொடுத்து, புள்ளிக்கோட்டின்மேல் எழுதச் சொல்லுங்கள்.